குதிரை ஊசி

என் மகளுக்கு ஆறு வயது நடக்கும்போது தொண்டையில் வெள்ளைத் தோல் படர்ந்தது. முந்தின நாள் காய்ச்சல் என்று படுத்தவள், காலையில் கஞ்சித் தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் அழுதாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, நாக்கைக் கரண்டிக் காம்பால் அமுக்கிப் பார்த்தேன். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும் சாம்பல் கலந்த வெள்ளையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பாலாடை என்று நினைத்துத் துணி சுற்றிய விரலால் துடைத்தேன். வரவில்லை. ரத்தம்தான் வந்தது. கழுத்தும் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது.

டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். என் நாத்தனார் வேண்டாம் என்றார். அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து இருந்தவர். என் வீட்டுக்காரர் கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அங்கே முப்பது பையன்களை அதட்டுவார். வீட்டில் அக்கா முன்னால் வாயில்லாப் பூச்சி. அதனால் எங்கள் வீட்டில் அக்கா சொன்னதுதான் சட்டம். தேனில் சுண்ணாம்பைக் குழைத்துக் கழுத்தில் பூசினால் வீக்கம் இறங்கும் என்று அக்கா பூசினார். இறங்கவில்லை. நான் புடவையை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். அக்காவும் பின்னாலேயே வந்தார். என்னைத் தனியாக விட்டால் டாக்டரிடம் என்னென்ன உளறுவேனோ என்ற பயம் அவருக்கு.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. என் மகளுக்கு இழுப்பு இருந்தது. மழைக்காலத்தில் வரும். தூசி பட்டால் வரும். குதிரை பூட்டிய ஜட்காவில் ஏறினால் கண்டிப்பாக வரும். கண் சிவந்து நீர் கொட்டும், அடுக்கடுக்காகத் தும்முவாள், பிறகு மார்பில் பூனை கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். இது எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆடாதொடை இலையைக் கொதிக்க வைத்துக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கும் எங்கள் ஜன்னலை அக்கா சாத்திவிடுவார். யாராவது கேட்டால் சளி என்று சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்கு இழுப்பு என்று மாதா கோயில் பங்கு ஜனம் முழுக்கத் தெரிந்துவிட்டால் நாளைக்கு எவன் கட்டுவான் என்பார். ஆறு வயதுப் பிள்ளைக்கு! பால் பல் விழவில்லை, அதற்குள் மாப்பிள்ளை கவலை. எங்கள் சாந்தோமில் மட்டும் இந்தப் புத்தி என்று நினைக்காதீர்கள். எல்லாச் சாதியிலும், எல்லா மதத்திலும் உள்ள வீடுகளில் இப்படி ஒரு ஜன்னல் சாத்தியிருக்கும்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடையாது. பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே ஓடின. எப்போது வரும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. கோயில் வாசலில் நின்ற ஜட்காவில் ஏறினோம். வைக்கோல் பரப்பி மேலே சாக்கு விரித்த வண்டி. தெருக்கோடி திரும்புவதற்குள் பிள்ளை தும்ம ஆரம்பித்தாள். தொண்டை வலியில் ஒவ்வொரு தும்மலுக்கும் அழுகை. மூச்சு இழுத்தது.

வண்டி ஓட்டிய பாய் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா கொயந்தைக்கு? மூச்சு கர்ருனு இஸ்க்குது?"

"ஒண்ணுமில்ல பாய், சளி. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் அக்கா.

ஜட்காக்காரரிடம்கூட மறைத்தார். அவர் வீட்டிலா பெண் கொடுக்கப் போகிறோம்?

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய வீட்டின் கூடத்தைத் தடுத்து நான்கு கட்டில் போட்டு ஒரு லேடி டாக்டர் ஆஸ்பத்திரி நடத்தினார். குள்ளமானவர். வெள்ளைப் புடவை, தடித்த கண்ணாடி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. தலைவலி என்று வந்த ஒரு மனிதர் ஊசி போட்டே ஆகவேண்டும் என்று அடம் பிடித்தபோது, "ஊசிதான் வேணும்னா தையற்காரன்கிட்டே போங்கோ" என்று அனுப்பினாராம். ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத ஊரில் இப்படிப் பேசினால் யார் வருவார்கள்? அந்தத் தெருவில் அவரைப் பிடித்தவர்கள் குறைவு. எனக்கும் அதுவரை பிடிக்காது. ஒரு தடவை என்னிடமே, பிள்ளைக்கு நகம் வெட்டத் துப்பில்லையா என்று கேட்டிருக்கிறார். ஆனால் கண்ணுக்கு எதிரே இருப்பதைச் சொல்கிறவர் என்று தெரியும். அதனால்தான் அங்கே போனேன்.

டாக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து ஒரே ஒரு பார்வை பார்த்தார். முகம் மாறியது.

"டிப்தீரியா. தொண்டை அடைப்பான்னு சொல்வா. இது கீழே இறங்கி மூச்சுக்குழலை அடைக்கும். அடைக்காமப் போனாலும் இதோட விஷம் ரத்தத்துல போய் இதயத்தைப் பிடிக்கும். சீரம் போடணும். இப்பவே."

"போடுங்க" என்றேன்.

"இருங்கோ. கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்கோ. இதுக்கு முன்னாலே எதுக்காவது சீரம் போட்டிருக்கா?"

"இல்ல."

"இழுப்பு உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "ஐயோ, அதெல்லாம் எங்க வம்சத்துலயே கெடயாது டாக்டரம்மா."

"குதிரைகிட்டே போனா தும்மறாளா? கண் சிவக்கறதா?"

"ஒண்ணும் கெடயாது. கல்லு மாதிரி கீது கொயந்தை."

குதிரையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு டாக்டர் காரணமில்லாமல் குதிரையைப் பற்றிக் கேட்க மாட்டார் என்பது புரிந்தது. "பொய்" என்றேன். "இழுப்பு உண்டு. ஜட்கால ஏறினாலே வருது. இப்ப வர்ற வழியிலகூட வந்திச்சு. கண்ணப் பாருங்க, செவந்து கீது."

அக்கா என் கையைக் கிள்ளினார். "ஏம்மே, உன் வாய்க்குப் பூட்டே கெடயாதா? வெளிய பத்து பேரு குந்திகினு கீறாங்க!"

"குந்திகினு இருக்கட்டும். அவங்க புள்ளையா சாவக் கெடக்குது?"

"நாளிக்கு இவள எவன் கட்டுவான்?"

டாக்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொன்னதை நம்பி நான் ஊசியைப் போட்டிருந்தேன்னு வச்சுக்கோங்கோ. நீங்க மாப்பிள்ளை தேட வேண்டாம். பெட்டி பண்ற ஆசாரியைத் தேடினாப் போறும்."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் வாழ்க்கையில் அவரை யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளை அந்த நிலையில் கிடக்கும்போதும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். தொண்டை அடைப்பானின் விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்களாம். குதிரையின் ரத்தத்தில் அந்த விஷத்துக்கு மாற்று உண்டாகும். அந்த ரத்தத்தைத் தெளியவைத்து எடுப்பதுதான் சீரம். மருந்தோடு குதிரையும் உள்ளே போகும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. குதிரை ஆகாத உடம்பாக இருந்தால் சில நிமிஷத்தில் ஆள் போய்விடும்.

"திருடன் வந்துட்டான்னு தெருவையே கொளுத்தற மாதிரி. உடம்பே உடம்பைக் கொளுத்தும்" என்றார். "நீங்க உண்மையைச் சொன்னேள், நல்லது. ஆனா நீங்க சொல்லாட்டாலும் நான் முதல்ல தோலைக் கேட்டிருப்பேன். ஆத்து மனுஷாளை நம்பி நான் மருந்து போடறதில்லை."

தோலைக் கேட்டார். உப்புத் தண்ணீரில் நிறையக் கலந்து நீர்த்துப்போன சீரத்தில் ஒரு சொட்டை இடது முன்கையில் தோலுக்குள் ஏற்றினார். வலது கையில் வெறும் உப்புத் தண்ணீர். இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது கையில் இருந்த மேடு அமுங்கி மறைந்தது. இடது கையில் இருந்தது காலணா அளவுக்கு வெளுத்து வீங்கி, சுற்றிலும் சிவந்து, ஓரங்களில் பூச்சிக்குக் கால் முளைத்த மாதிரி நீண்டது.

"கொசு கட்ச்சிருக்கும்" என்றார் அக்கா, விடாமல்.

"கொசு என் ஊசிக்குள்ளேயே உக்காந்துண்டிருந்துதா?"

"அப்ப காணாக்கடி."

எங்கள் பக்கம் உடம்பில் திடீரென்று தடித்தால் காணாக்கடி என்பார்கள். எது கடித்தது என்று கண்ணால் காணாத கடி. வேப்பிலையால் தடவுவார்கள், மிளகையும் வெற்றிலையையும் மெல்லச் சொல்வார்கள். பெயர் வைத்ததோடு வேலை முடிந்தது. எதைத் தின்றாய், எதைத் தொட்டாய், எந்த மருந்தைக் குடித்தாய் என்று யாரும் தேடுவதில்லை. காணவில்லை என்று பெயரிலேயே எழுதி ஒட்டியாகிவிட்டதே, பிறகு தேடுவானேன்? இந்தச் சோம்பேறித்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டர் அக்காவிடம் கோபப்படவில்லை. எனக்குத்தான் சொன்னார். அவர் இங்கிலீஷில் சொன்ன நீளமான பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. தமிழில் சொன்னது நின்றது. "தோல் மட்டும் தடிச்சா அது அரிப்பு. படுத்தும், ஆனா நேரம் இருக்கு. தோலோட மூச்சும் பிடிச்சுண்டா, இல்லே குரல் மாறினா, வாந்தி வந்தா, நாடி விழுந்து முகம் வெளுத்தா, அது வேற. எல்லாம் ஒண்ணா வரணும்னு காத்திண்டிருக்கப்படாது. ரெண்டு வந்தாலே மருந்து போட்டுடணும். அதுக்கு அட்ரினலின்னு ஒரே மருந்துதான். மத்ததெல்லாம் அப்புறம்."

நாங்கள் சொல்லியனுப்பியிருந்ததால் அதற்குள் என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தார். டாக்டர் அவரிடம் ஒளிக்காமல் சொன்னார். சீரம் போடாவிட்டால் பிள்ளை நோயில் போவாள். போட்டால் மருந்திலேயே போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உடம்பை ஏமாற்றிப் பார்க்க வேண்டும். தொற்று நோய் ஆஸ்பத்திரி ஊரின் வடகோடியில் இருக்கிறது. மறுபடியும் ஜட்காவில் அவ்வளவு தூரம் கொண்டுபோகும் நிலையில் இந்தப் பிள்ளை இல்லை.

"கோயில் சாமியார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

"கேளுங்கோ. அவர் வந்து ஊசி பிடிப்பாரா?"

என் வீட்டுக்காரர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மூலைக் கட்டிலில் பிள்ளையைப் படுக்க வைத்துத் திரை போட்டார்கள். முதல் சொட்டு சீரம் ஏற்றுவதற்கு முன்னால் அட்ரினலினை ஒரு ஊசியில் ஏற்றி நர்ஸ் கையில் கொடுத்தார் டாக்டர். அந்த நர்ஸுக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் வேலை. ஊசியைப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் நகரக் கூடாது. பிள்ளை தண்ணீர் கேட்டால்கூட அவள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அடுத்த கட்டில் நோயாளி அம்மா, அம்மா என்று முனகினாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "அங்கே என்ன பார்வை? இங்கே பாரு" என்றார் டாக்டர். சீரத்தை முழங்கைக்குக் கீழேதான் போட்டார். ஏதாவது ஆனால் மேலே இறுக்கிக் கட்ட வசதியாக ரப்பர் குழாயைக் கையைச் சுற்றித் தளர்வாக முன்கூட்டியே போட்டு வைத்தார். கட்டில் காலருகே செங்கற்களை அடுக்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வீடு கட்டுகிறவள் மாதிரி எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த அம்மாள் ஆரம்பித்தார்.

பிறகு பிள்ளையிடம் குனிந்து, "உனக்கு மனப்பாடமா என்னடி தெரியும்?" என்று கேட்டார்.

"பிரியதத்த மந்திரம்" என்றாள் பிள்ளை. நாங்கள் மாதாவை நோக்கிச் சொல்லும் செபம்.

"அதை மெதுவாச் சொல்லிண்டே இரு. வலிச்சா நிறுத்தி நிறுத்திச் சொல்லு."

அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் காதில், "பாத்தியா, ஐயர் வூட்டு டாக்டரே மாதா மந்திரம் கேக்கறாங்க" என்றார். டாக்டருக்கு மந்திரம் காதில் விழுந்ததோ என்னவோ, குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை பிள்ளையின் நாடியில். கண் அவள் உதட்டில்.

நீர்த்த சீரத்தில் முதல் துளி. காத்திருந்தார். ஒன்றும் இல்லை. அதைவிடக் கொஞ்சம் கூடுதல். காத்திருந்தார். பிள்ளை இரண்டு தடவை தும்மினாள். அவ்வளவுதான். மூன்றாவது தடவையும் நல்லபடியாகப் போனது. என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் உட்காரவில்லை.

அடுத்ததைப் போட்டதும் பிள்ளை மந்திரத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"அம்மா, உள்ளங்கை அரிக்குது."

அந்தக் குரல் என் மகளின் குரல் இல்லை. பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். ஊசி கையில் வந்தது. "அம்மா, பயமாகீது, பயமாகீது" என்று பிள்ளை சொல்லும்போதே உதடு தடித்துக்கொண்டு வந்தது. மார்பில் சத்தம். முகம் சிவந்து, பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. டாக்டர் ரப்பர் குழாயை இழுத்துக் கட்டிவிட்டு பிள்ளையின் மறு கையில் அட்ரினலினைப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்கா பாய்ந்து வந்து பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தார். மூச்சு முட்டுகிறவர்களைச் சாய்த்து உட்கார வைத்து வாயில் ஏதாவது ஊற்ற வேண்டும் என்பது எங்கள் பழக்கம். மடியில் ஒரு சின்னச் சீசாவில் கோயில் தீர்த்தம் கொண்டு வந்திருந்தார். தலை நிமிர்ந்ததும் பிள்ளையின் கண் மேலே செருகியது.

"கீழே விடுங்கோ! படுக்க வையுங்கோ!" டாக்டர் கத்தினார். "நாடி விழுந்துண்டிருக்கு, நிமிர்த்தினா மூளைக்கு ரத்தம் போகாது!"

நான் அக்காவைத் தள்ளினேன். என்னைவிட மூத்தவரை, என் வீட்டுக்காரரின் அக்காவை, பிடித்துத் தள்ளினேன். தீர்த்தச் சீசா தரையில் விழுந்து உடைந்தது. பிள்ளையைப் படுக்க வைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பினார் டாக்டர். கட்டிலின் கால்மாட்டை நானும் அவரும் தூக்கினோம். என் வீட்டுக்காரர் தரையில் மண்டியிட்டுச் செங்கற்களைத் தள்ளினார். நர்ஸ் அதற்குள் இரண்டாவது ஊசியை ஏற்றிக்கொண்டு முன்னால் நின்ற அதே இடத்தில் வந்து நின்றுவிட்டாள். டாக்டர் நாடியைப் பார்த்தார், காத்திருந்தார், அதையும் போட்டார்.

பிள்ளை வாந்தி எடுத்தாள். பிறகு உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தது. நெஞ்சு தையல் மெஷின் மாதிரி அடித்ததைப் போர்வைக்கு மேலேயே பார்க்க முடிந்தது. போய்விட்டாள் என்று நினைத்தேன்.

"நடுங்கட்டும். மருந்து வேலை செய்யறது" என்றார் டாக்டர்.

உதட்டில் நிறம் வந்தது. காது மடல் சிவந்தது. பிள்ளை என்னைப் பார்த்து, எரிச்சலோடு, "ஏம்மா கட்டில சாச்சு வெச்சிருக்க, நான் சறுக்கறேன்" என்றாள். என் வீட்டுக்காரர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அந்த டாக்டரை நல்ல டாக்டர் என்று சொல்லி விட்டிருப்பேன். இந்த மாதிரி நேரத்தில் கைக்கு மருந்து கிடைத்தால் வேறு சிலரும் காப்பாற்றுவார்கள். அதற்கப்புறம் அவர் செய்தது வேறு யாருக்கும் வராது. மற்றொரு ஊசியில் அட்ரினலினை ஏற்றி நர்ஸிடம் கொடுத்தார். சீரத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.

"போதும்மா" என்றார் என் வீட்டுக்காரர். "இனிமே வாணாம். ஆண்டவர் விட்ட வழி."

"அவ தொண்டைல இருக்கறதுக்கு இது தெரியாதே. அது பாட்டுக்கு இறங்கிண்டிருக்கு. உள்ளே போனது போறாது." பிறகு என்னைப் பார்த்தார். "கேட்டுக்கோங்கோ. உடம்பு ஒரு தடவை கொளுத்தித் தீர்த்துட்டு இப்பக் களைச்சுக் கிடக்கு. மறுபடி கொளுத்த அதுகிட்டே தெம்பு குறைச்சல். இந்த நேரத்துல, பழையபடி துளியிலேருந்து ஆரம்பிச்சு, இன்னும் மெல்ல உள்ளே போயிடலாம். போகலாம்னுதான் சொல்றேன். நிச்சயம்னு சொல்லலை. இங்கே பொய் சொல்லாமப் பேசறது நீங்க ஒருத்திதான். நீங்க சொல்லுங்கோ."

எந்த ஆம்பிளையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எந்தப் பெரியவரும் கேட்டதில்லை. பிள்ளையைப் பார்த்தேன். கழுத்து காலையைவிட அதிகமாக வீங்கியிருந்தது.

"போடுங்க" என்றேன்.

பிற்பகல் முழுக்கப் போட்டார். ஒரு துளி, காத்திருப்பு, இன்னொரு துளி, காத்திருப்பு. பிள்ளை மந்திரம் சொல்லிச் சொல்லிச் சலித்து, "வேற எதுனா சொல்லட்டா?" என்று கேட்டாள். "எது வேணா சொல்லு, பேசிண்டே இரு" என்றார். பக்கத்துத் தெரு நாய்க்குட்டிகளைப் பற்றியெல்லாம் சொன்னாள். கையில் தடித்தது, மூச்சு லேசாக இழுத்தது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் நின்று, இறங்கிய பிறகே தொடர்ந்தார். டாக்டர் சாப்பிடவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். கடைசிச் சொட்டு உள்ளே போனதும் அவர் எழுந்து மூலையில் இருந்த பேசினில் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். சோப்பு நுரை எப்போதோ போயிருந்தது. அவர் இன்னும் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன வேடிக்கை? போய்ப் பொண்ணு பக்கத்துல உக்காருங்கோ" என்றார்.

வீட்டுக்கு விடவில்லை. அடங்கினது மறுபடி கிளம்பும் என்று சொல்லி அங்கேயே வைத்துக்கொண்டார். வெள்ளைத் தோல் ஓரங்களில் சுருண்டு, பிறகு துண்டு துண்டாக உரிந்து வந்தது. அப்போதும் எழுந்து நடக்க விடவில்லை; இதயம் இளைப்பாற வேண்டும் என்றார். கொஞ்ச நாளில் உடம்பு தடிக்கும், மூட்டு வலிக்கும், ஜுரம் வரும், அதுவும் குதிரையின் வேலைதான், ஆனால் அது கொல்லாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். சொன்னபடியே வந்தது. அக்கா, "ஐயோ, மறுபடியும் வந்திடுச்சே" என்று அலறினார். "மூச்சு நல்லா வருது, நாடி நல்லா கீது, இது வேற" என்றேன் நான். சொல்லிவிட்டு நானே ஆச்சரியப்பட்டேன்.

அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் பிள்ளையைத் தன் மேஜை முன்னால் நிறுத்தினார். தொண்டை அடைப்பான் போனாலும் அவள் குரல் சில வாரம் மூக்கால் வந்துகொண்டிருந்தது.

"சொல்லு. எனக்குக் குதிரை ஊசி ஆகாது."

"எனக்குக் குதிரை ஊசி ஆகாது" என்றாள் மூக்கால்.

"உரக்க."

அக்கா குறுக்கே வந்தார். அன்றைக்குக் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "டாக்டரம்மா, நாங்க ஞாபகம் வெச்சிக்கினு சொல்றோம். கொயந்தை வாயால வாணாம். வெளிய சனம் கீது."

"நான் இருக்க மாட்டேன். நீங்க இருக்க மாட்டேள். நாளைக்கு இவ கால்ல ஆணி குத்தும். அதுக்கும் குதிரைச் சீரம்தான்; எவனோ ஒருத்தன் தூக்கிண்டு வருவான். அவனும் அவசரத்துல கேக்க மாட்டான். அப்போ சொல்றதுக்கு இவளுக்கு வாய் இருக்கணும். நீங்க அந்த வாயைத் தைக்கப் பாக்கறேள்." பிறகு பிள்ளையிடம், "உரக்கச் சொல்லுடி" என்றார்.

பிள்ளை கத்தினாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தச் சொல்லிப் பெரியவர்கள் கேட்பது அவளுக்குப் புதிது. இன்னும் இரண்டு தடவை தானாகவே கத்தினாள். டாக்டரின் கண்ணாடிக்குக் கீழே உதடு லேசாகக் கோணியது. அதைச் சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அடுத்தவாளை வரச் சொல்லுங்கோ" என்றார்.

ஜட்கா வேண்டாம் என்று கை ரிக்‌ஷாவில் பிள்ளையையும் அக்காவையும் ஏற்றிவிட்டு நான் பக்கத்தில் நடந்தேன். ரிக்‌ஷாக்காரன் வண்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டான்.

"இன்னா பாப்பா, ஆஸ்பத்திரிலருந்து வரியே, இன்னா ஒடம்புக்கு?"

அக்கா பழக்கத்தில் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"எனக்குக் குதிரை ஊசி ஆகாது" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள் என் மகள்.

"எனக்குந்தான் குதிரை ஆவாது பாப்பா" என்றான் ரிக்‌ஷாக்காரன். "நம்ம சவாரியெல்லாம் அந்த ஜட்காக்காரன்தான் தூக்கிகினு பூடறான்."

பிள்ளை சிரித்தாள். மூச்சு இழுக்காமல், மூக்கால் சிரித்தாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது.